கொழும்பிலிருந்து சிவனொளிபாதம் தெரிகிறது, அதைவிட உயரமான பீதுருதாலகாலை ஏன் தெரிவதில்லை?

வெள்ளவத்தை அப்பா:

வணக்கம். மகள் தரம் 10 படிக்கிறாள். இலங்கையின் உயரமான மலைகளை வரிசையாகப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். பீதுருதாலகாலை 2,524 மீற்றர், கிரிகல்பொத்தை 2,388, தொட்டுபொல 2,357 என்று போகிறது. சிவனொளிபாதமலை 2,243 மீற்றரோடு அதற்கும் கீழேதான் வருகிறது. ஆனால் தை மாதத்து விடியற்காலைகளில், வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும் நாட்களில், எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே கூம்பாகத் தனித்துத் தெரிவது சிவனொளிபாதம்தான். "அப்ப பெரிய மலை எங்கே அப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

இன்னொன்று. "இம்மலைகளின் புவியியல் முக்கியத்துவம்" என்ற கேள்விக்கு வகுப்பில் குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஆறுகள் ஊற்றெடுக்கின்றன, காலநிலையைப் பாதிக்கின்றன, சுற்றுலாவுக்கு உதவுகின்றன. எந்த ஆறு, எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:

தம்பி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். நான் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைக்கு வரிசையைப் பாடமாக்கத் தேவையே இல்லை, அது தானாக மனதில் நிற்கும்.

மலை எவ்வளவு உயரம் என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பீதுருதாலகாலை மலைநாட்டின் நடுவில், உயர்ந்த மேட்டுநிலத்தின் மேல் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இருக்கும் நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நகரத்தில் நின்று பார்ப்பவருக்கு அது ஏறத்தாழ 650 மீற்றர் மலைதான். கொழும்பிலிருந்து நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீற்றர் தூரம். இடையில் கிரேட் வெஸ்டர்ன் போன்ற 2,200 மீற்றரைத் தாண்டிய மலைகள் வேறு.

சிவனொளிபாதம் அப்படியில்லை. அது மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில் நிற்கிறது. கொழும்புக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர். இரத்தினபுரிப் பக்கம் தாழ்நிலம் வரைக்கும் செங்குத்தாக இறங்குகிறது, முன்னால் மறைக்க உயர்ந்த மலை எதுவும் இல்லை. அந்தக் கூம்பு வடிவத்தால்தான் பழங்காலக் கப்பலோட்டிகளுக்குக் கடலிலேயே இலங்கையின் அடையாளமாக இருந்தது. மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா 1344இல் இங்கே வந்து அதில் ஏறியிருக்கிறார்.

இப்போது முக்கியத்துவத்துக்கு வருவோம். மகளை ஒரு வரைபடத்தை விரித்து நான்கு ஆறுகளைப் பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். அம்பலாந்தோட்டையில் கடலைச் சேரும் வளவை கங்கை, களுத்துறையில் சேரும் களு கங்கை (129 கிமீ), எங்கள் மட்டக்குளிப் பக்கம் சேரும் களனி (145 கிமீ), திருகோணமலையில் சேரும் மகாவலி (335 கிமீ). ஒன்று தெற்குக் கடலோரம், இரண்டு மேற்கு, ஒன்று வடகிழக்கு. ஆனால் பின்னால் போகப் போக எல்லாம் சிவனொளிபாதத் தொடர், ஹோர்ட்டன் சமவெளி என்ற சின்ன இடத்துக்குள் வந்து நெருங்கும். கிரிகல்பொத்தையும் தொட்டுபொலவும் அந்தச் சமவெளியின் ஓரங்களில்தான் எழுகின்றன. பீதுருதாலகாலைச் சரிவின் தண்ணீர் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. அந்த மலைக்காடுகள் மழையை மட்டும் வாங்குவதில்லை, மூடுபனியையும் இலையிலும் பாசியிலும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு விடுகின்றன. அதனால்தான் அங்கே காடு கருகி விழுவதைக் கேட்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. காடு போனால் மலை நிற்கும், ஆறு நிற்காது.

உங்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. கொழும்பின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வருவது. 2016 மே மாதம் கொலன்னாவையை மூழ்கடித்ததும் அதே களனிதான். அன்று மலையில் பெய்த மழை எத்தனை மணித்தியாலத்தில் கீழே வந்தது என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைச் சொல்லாமல் "ஆறுகள் ஊற்றெடுக்கின்றன" என்று எழுத வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

காலநிலையும் அப்படியே. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மேற்குச் சரிவில் ஏறும், ஏறும்போது குளிர்ந்து கொட்டும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகி உலர்ந்துவிடும். கொழும்பில் 27, 28 பாகை இருக்கும்போது நுவரெலியாவில் 16 பாகை அளவில் இருப்பது வெறும் உயரத்தின் கணக்கு: கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். மகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம்:

டீச்சர் சொன்ன அந்த உலர்ந்த காற்றைத்தான் மட்டக்களப்பில் நாங்கள் கச்சான் என்போம். இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். இங்கே ஆனி, ஆடியில் குடையோடு வேலைக்குப் போகிறேன், அதே நாளில் ஊருக்கு எடுத்தால் அம்மா "கச்சான் அடிக்குது, கிணறு இறங்கிற்று" என்பார். ஒரே காற்று. நடுவில் மலை.

மஸ்கெலியாப் பிள்ளை:

நான் புறக்கோட்டையில் கடையில் வேலை. எங்கள் லயத்திலிருந்து பார்த்தால் சிவனொளிபாதம் கதவுக்கு எதிரே நிற்கும். டீச்சர் தேயிலையைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஊவாவில் அந்தக் காய்ந்த காற்று அடிக்கும் ஆடி, ஆவணிதான் அங்கே நல்ல தரக் கொழுந்துக் காலம். எங்கள் பக்கம், திம்புளைப் பக்கம், அது தையும் மாசியும். மலையின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்பதைப் பொறுத்து ஒரு தொழிலாளியின் நல்ல மாதம் மாறுகிறது.

மின்சாரத்தையும் மகளிடம் சொல்லுங்கள் அண்ணா. டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். பிறகு கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கம், மஸ்கெலியா ஓயாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம், கீழே லக்ஸபான மின்நிலையம் எல்லாம் வந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும், ஊர்ச் சனம் போய்க் கும்பிடும்.

மலையின் ஆபத்தையும் மறக்கக் கூடாது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி, கட்டுநாயக்கவுக்கு இறங்க வந்த மார்ட்டின் எயார் விமானம் எங்கள் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தார்கள். இந்தோனேசியாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போனவர்கள் பெரும்பாலானோர்.

வெள்ளவத்தை அப்பா:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மகள் டீச்சரின் பதிலை இரண்டு தடவை வாசித்துவிட்டு வரைபடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். விடுமுறையில் ஒரு மலைக்காவது கூட்டிப்போகலாம் என்று யோசிக்கிறேன். எது சரி?

கொட்டாஞ்சேனை டீச்சர்:

பீதுருதாலகாலை வேண்டாம். உச்சியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையம், சுற்றிப் பாதுகாப்பு வலயம், நினைத்தபடி நடந்து ஏற முடியாது. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போங்கள். பட்டிப்பொல வழியாக உள்ளே வந்தால் வீதியோரத்திலிருந்தே தொட்டுபொலவுக்கு ஒற்றையடிப் பாதை ஏறுகிறது, பிள்ளையோடு போகக் கூடிய தூரம். நாட்டின் மூன்றாவது உயரமான மலை அது. கிரிகல்பொத்தை நீண்ட நடை, அவள் வளரட்டும். விடியற்காலை பனி கடுமையாக இருக்கும், கம்பளிச் சட்டை கட்டாயம். வரைபடத்தையும் எடுத்துப் போங்கள். மேலே நின்று எந்தச் சரிவின் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று அவளே அடையாளம் காட்டட்டும். போய் வந்து என்ன கண்டாள் என்று இங்கே எழுதச் சொல்லுங்கள்.