ஒன்பதாம் வகுப்பு: அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுக் கொதிப்பை எப்படி நடத்துவது?

சாக்பீஸ்_தூள் (கேள்வி)

'புரட்சிகளின் காலம்' பாடம், அமெரிக்கப் பகுதி. 42 பேர், 45 நிமிடப் பீரியட், கையில் மூன்று பீரியட். புரொஜெக்டர் கிடையாது, கரும்பலகை உண்டு, ஜெராக்ஸ் எடுக்கலாம்.

பிரச்சினை விடைத்தாளில் தெரிகிறது. "இங்கிலாந்து வரி மேல் வரி போட்டது, மக்கள் பொறுக்க முடியாமல் புரட்சி செய்தார்கள்." இதற்கு மேல் ஒரு வரி நகர மாட்டேன் என்கிறது. சட்டங்களைக் கேட்டால் சர்க்கரை, முத்திரை, டவுன்ஷெண்ட், தேயிலை என்று மளிகை லிஸ்ட் மாதிரி ஒப்பிக்கிறார்கள். 1763இல் தொடங்கிய சிடுசிடுப்பு 1775 ஏப்ரலில் துப்பாக்கிச் சூடாக மாற ஏன் 12 ஆண்டு ஆனது, நடுவில் என்ன நடந்தது என்று புரிய வைக்க என்ன வழி? நடித்துக் காட்டும் பயிற்சி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். எது சொதப்பும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பழைய_ஏடு

முதலில் அந்த ஒற்றை வரியை உடையுங்கள். கரும்பலகையில் இரண்டு எண் போதும்: 6, 3.

1733ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சு, டச்சுத் தீவுகளிலிருந்து வரும் வெல்லப்பாகுக்கு ஒரு கேலனுக்கு 6 பென்ஸ் வரி. நியூ இங்கிலாந்தின் (வடகிழக்குக் குடியேற்றங்கள்) ரம் வடிசாலைகளுக்கு மூலப்பொருளே அந்தப் பாகுதான். 1764ஆம் ஆண்டு சர்க்கரைச் சட்டம் வரியை 3 பென்ஸாகக் குறைத்தது. எதிர்ப்பு கிளம்பியது அதற்குப் பிறகு. "வரியைப் பாதியாக்கினால் ஏன் கோபம் வர வேண்டும்?" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பழைய 6 பென்ஸை யாரும் ஒழுங்காகக் கட்டவே இல்லை. கடத்தல், சுங்கக்காரருக்குக் கையூட்டு என்று ஓடிக்கொண்டிருந்தது. புதிய 3 பென்ஸை நிஜமாகவே வசூலிக்க ஆளும் கப்பலும் வந்தன. மாட்டினால் ஜூரி இல்லாத கடல்வழி நீதிமன்றத்தில் வழக்கு.

தேயிலையும் அதே கதை. 1773 மே மாதச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலையை மலிவாக்கியது: இங்கிலாந்தில் கட்டிய தீர்வையைத் திருப்பித் தந்து, கம்பெனியே தன் ஆட்கள் மூலம் நேரடியாக விற்க அனுமதித்தது. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் டவுன்ஷெண்ட் வரி (1767இல் நிதியமைச்சர் டவுன்ஷெண்ட் கொண்டுவந்தது) மட்டும் அப்படியே நின்றது. இரண்டு முறை வரியோ விலையோ இறங்கியது, இரண்டு முறையும் கோபம் ஏறியது. இதைப் பிடித்துக்கொண்ட மாணவர் அந்த ஒற்றை வரியை இனி எழுத மாட்டார். காசைவிட, யார் யாரைக் கேட்டு விதிக்கிறார்கள் என்பதுதான் சண்டை.

அடுத்து ஒரு வளைகோடு. கிடைமட்டத்தில் 1763 முதல் 1775 வரை, செங்குத்தில் 'சூடு'. 1765இல் முத்திரைச் சட்டத்தால் (பத்திரம், செய்தித்தாள் போன்றவற்றுக்கு முத்திரை போட்ட தாளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்) ஏறும். 1766 மார்ச் 18இல் அதை ரத்து செய்ததும் இறங்கும். (அதே நாளில் 'எந்த விஷயத்திலும் உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு அதிகாரம் உண்டு' என்று நாடாளுமன்றம் இன்னொரு சட்டம் போட்டது. கொண்டாட்டத்தில் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) 1767இல் கண்ணாடி, ஈயம், சாயம், காகிதம், தேயிலை மீது டவுன்ஷெண்ட் வரி, 1768 அக்டோபரில் பாஸ்டனில் படை இறங்குகிறது, மறுபடி ஏற்றம். 1770இல் தேயிலை தவிர மற்றவை ரத்து, இறக்கம். 1773 டிசம்பரில் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டிய பிறகு கோடு கீழே வரவே இல்லை. இந்த மேடு பள்ளத்தை மாணவர்களே வரைந்தால் 'ஏன் 12 ஆண்டு' என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

லண்டன் பக்கத்துக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போரில் (1756–63) பிரிட்டனின் கடன் ஏறத்தாழ இரட்டிப்பானது. அமெரிக்காவில் சுமார் 10,000 வீரர்களை நிறுத்தும் செலவில் ஒரு பங்கைத்தான் அங்கே கேட்டார்கள். முத்திரை வரி இங்கிலாந்தில் 1694 முதலே உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் ஜார்ஜ் மன்னர் சினிமா வில்லனாகிவிடுவார்.

மூணாவது_பெஞ்ச்

நடிப்புப் பயிற்சிக்கு: புளியங்கொட்டையும் சோழியும். 42 பேருக்குக் கணக்கு இதோ.

நாடாளுமன்றம் 4 பேர், வகுப்புக்கு வெளியே வராந்தாவில். கப்பல் 1 (செய்தி கொண்டுபோகிறவர்). முத்திரைத்தாள் விற்பவர் 2. நீதிபதி 1. மீதி 34 பேர் குடியேற்றத்தார். ஒவ்வொருவருக்கும் 20 புளியங்கொட்டை, 3 சோழி. மொத்தம் 680 கொட்டை, 102 சோழி. கொட்டை என்பது உள்ளூர்ப் பணம், சோழி என்பது இங்கிலாந்து நாணயம். வரி சோழியில் மட்டுமே செல்லும். இந்த விதியை மாற்றாதீர்கள், பயிற்சியின் உயிரே அதில் இருக்கிறது. 1764இல் குடியேற்றங்களின் காகிதப் பணத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டே முத்திரை வரியை ஸ்டெர்லிங் (இங்கிலாந்து நாணய) மதிப்பில் கேட்டார்கள். 'பணம் இருக்கு, ஆனா கட்ட முடியல' என்ற நிலை கையில் தட்டுப்பட வேண்டும்.

முதல் சுற்று, 12 நிமிடம். ஆளுக்கொரு வேலைச் சீட்டு: நிலப்பத்திரம், செய்தித்தாள், கப்பல் சரக்கு ரசீது, சீட்டுக்கட்டு, பட்டச் சான்றிதழ். முத்திரை போட்ட துண்டுத்தாளில் எழுதினால்தான் வேலை செல்லுபடி. தாள் ஒன்றுக்கு 1 சோழி, பட்டச் சான்றிதழுக்கு 2. (நிஜ விலை வேண்டுமென்றால்: சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி பகடைக்கு 10 ஷில்லிங், செய்தித்தாள் விளம்பரத்துக்கு 2 ஷில்லிங், பட்டத்துக்கு 2 பவுண்டு. பகடை விலையைக் கேட்டதும் வகுப்பே சிரிக்கும்.) இரண்டு, மூன்று வேலை முடிந்ததும் சோழி தீரும். யாராவது 'ஒரு சோழிக்குப் பத்துக் கொட்டை' என்று ரகசியமாக மாற்ற ஆரம்பிப்பார்கள். தடுக்காதீர்கள்.

இரண்டாம் சுற்று, 10 நிமிடம். குடியேற்றத்தார் மனு எழுதிக் கப்பலிடம் கொடுக்கலாம். கப்பல் வராந்தா வாசலில் 3 நிமிடம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதிலுக்கும் 3 நிமிடம். இந்தக் காத்திருப்பில்தான் வதந்தி பிறக்கும். நிஜத்திலும் இப்படித்தான்: முத்திரைச் சட்டம் நிறைவேறியது 1765 மார்ச் 22, வர்ஜீனியா சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது மே மாதக் கடைசி.

மூன்றாம் சுற்று, 10 நிமிடம், தேயிலைக்குப் பதில் கடலை மிட்டாய். உள்ளூர் வியாபாரி விலை 5 கொட்டை. கம்பெனி விலை 3 கொட்டை, அதில் 1 வரி. பெரும்பாலோர் மலிவானதை வாங்குவார்கள். பயிற்சி தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாஸ்டனில் எதிர்ப்பாளர்கள் பயந்ததே இதற்குத்தான். மலிவு என்று வாங்கினால் அந்த ஒரு கொட்டை வரியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். விற்காமல் நிற்கும் உள்ளூர் வியாபாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வகுப்பு திரும்பிப் பார்க்கும்.

சொதப்பும் இடங்கள்: மதிப்பெண்ணையோ உண்மையான காசையோ பந்தயம் வைக்காதீர்கள், வீட்டிலிருந்து புகார் வரும். முத்திரைத்தாள் விற்பவரை எல்லோரும் சேர்ந்து ஓட்ட ஆரம்பிப்பார்கள்; சுற்றுக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கொடும்பாவி, தார் பூசுவது எல்லாம் வாயால் சொன்னால் போதும். அடிமை வேடம் யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

அடிக்குறிப்பு

பயிற்சி நல்லது, ஆனால் ஒரு பீரியட் முழுக்க விழுங்கிவிடும். அதற்கு முன் நம் பிள்ளைகளுக்கே உரிய சில குழப்பங்களைச் சரிசெய்யுங்கள்.

'ஸ்டாம்ப்' என்றதும் தபால்தலை நினைவுக்கு வரும்; கடிதத்துக்கு வரி என்று எழுதிவிடுவார்கள். பத்திரம் பதிய வாங்கும் முத்திரைத்தாளை ஒரு ஜெராக்ஸ் காட்டுங்கள், ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். முத்திரை அழுத்திய தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. 1765 நவம்பர் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தபோது விற்க வேண்டியவர்கள் ஏறத்தாழ எல்லோரும் பதவி விலகியிருந்தார்கள். பாஸ்டனில் முத்திரைத்தாள் விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியைத் தொங்கவிட்டது ஆகஸ்ட் 14ஆம் தேதியே.

அடுத்து 'தேநீர் விருந்து'. விருந்தும் இல்லை, தேநீரும் இல்லை. அந்தப் பெயரே பல பத்தாண்டு கழித்து ஒட்டியது. தேயிலை நீலகிரியிலிருந்தோ அசாமிலிருந்தோ போனது என்று எழுதுவார்கள். அங்கெல்லாம் தோட்டம் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். பாஸ்டன் கடலில் கொட்டியது முழுக்கச் சீனத் தேயிலை: டார்ட்மவுத், எலனோர், பீவர் என மூன்று கப்பல், 342 பெட்டி, 92,000 பவுண்டுக்கு மேல் எடை.

ஏன் பாஸ்டனில் மட்டும் என்று கேளுங்கள். பிலடெல்பியாவும் நியூயார்க்கும் கப்பலைத் திருப்பி அனுப்பின. சார்ல்ஸ்டனில் இறக்கிக் கிடங்கில் பூட்டினார்கள். பாஸ்டனில் ஆளுநர் ஹட்சின்சன் தீர்வை கட்டாமல் கப்பல் வெளியேற அனுமதி தரவில்லை. கம்பெனியின் தேயிலையை விற்க நியமிக்கப்பட்டவர்களில் இரண்டு பேர் அவருடைய மகன்கள். டார்ட்மவுத் வந்தது நவம்பர் 28. இருபது நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்யலாம். கெடு டிசம்பர் 17. கொட்டியது 16ஆம் தேதி இரவு. இந்த நாள்கணக்கைப் பலகையில் போட்டாலே அது திடீர் ஆவேசம் என்ற எண்ணம் போய்விடும்.

கம்பெனி ஏன் அந்த நிலைக்கு வந்தது என்பதில் நமக்குத் தெரிந்த வரலாறு வந்து சேர்கிறது. 1770 வங்காளப் பஞ்சத்துக்குப் பின் கம்பெனி கடனில் தத்தளித்தது, லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை குவிந்து கிடந்தது. கைதூக்கிவிட வந்ததுதான் தேயிலைச் சட்டம். இந்தியாவில் கம்பெனிக்குக் கடிவாளம் போட்ட ஒழுங்குமுறைச் சட்டமும் அதே 1773தான். எட்டாம் வகுப்பில் படித்ததோடு முடிச்சுப் போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாக்பீஸ்_தூள்

மூவருக்கும் நன்றி. சோழி யோசனையை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். பாஸ்டன் படுகொலையை எங்கே வைப்பது? வணிகர், வழக்கறிஞர் கோபம் மட்டும்தான் பாடத்தில் வருகிறது, மற்றவர்கள் எங்கே?

பழைய_ஏடு

படுகொலையைப் படமாக வைத்துப் படிக்க விடுங்கள். 1770 மார்ச் 5, பாஸ்டனில் படைவீரர்கள் கூட்டத்தைச் சுட்டதில் இறந்தவர் ஐந்து பேர். பாஸ்டன் வெள்ளிக்கொல்லர் பால் ரெவியர் அச்சிட்ட செதுக்கோவியத்தை ஜெராக்ஸ் எடுத்து நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். முதல் 5 நிமிடம் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், கருத்து கூடாது: படைவீரர்கள் ஒரே வரிசையில், பின்னால் அதிகாரி வாள் தூக்கிக் கட்டளையிடுகிறார், சுங்கக் கட்டடத்தின் மேல் 'கசாப்புக் கூடம்' என்று பலகை, முன்னால் ஒரு நாய். பிறகு சாட்சியங்களிலிருந்து தெரிவதைப் பலகையில் எழுதுங்கள்: இரவு நேரம், தரையில் பனி, கூட்டம் பனிக்கட்டியும் தடியும் வீசியது, அந்த அதிகாரி, கேப்டன் பிரஸ்டன், வீரர்களுக்கு முன்னால் நின்றார். எது பொருந்தவில்லை என்று அவர்களே கோடு போடுவார்கள். வழக்கில் வீரர்களுக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ். பிரஸ்டனும் ஆறு வீரர்களும் விடுதலை, இருவருக்கு மட்டும் கொலையாகாத மரண விளைவுக் குற்றம், கட்டைவிரலில் சூடு. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானவர்தான் அந்த வக்கீல் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: அதே மார்ச் 5இல்தான் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு டவுன்ஷெண்ட் வரிகளைக் குறைக்கும் தீர்மானத்தை முன்வைத்தார். இரு கரைக்கும் ஒருவர் செய்தி மற்றவருக்குத் தெரியாது.

மூணாவது_பெஞ்ச்

இரண்டாவது சந்தேகத்துக்கு நான்கு அட்டை போதும், கடைசிப் பீரியடில் சத்தமாக வாசிக்க. ஒன்று, அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே குடியேறத் தடை போட்ட 1763 அக்டோபர் பிரகடனம், அதற்கு முன் பான்டியாக் தலைமையில் தொடங்கிய பூர்வகுடிப் போர். குடியேற்றத்தாருக்கு அது எரிச்சல், பூர்வகுடிகளுக்கு அந்தத் தடை கொஞ்சம் மூச்சு. இரண்டு, 1773இல் மாசச்சூசெட்ஸில் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் விடுதலை கேட்டுக் கொடுத்த மனு. மூன்று, 1774 அக்டோபரில் வடக்குக் கரோலினாவின் ஈடன்டனில் 51 பெண்கள் கையெழுத்திட்ட புறக்கணிப்பு. நான்கு, மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள். "இந்த அட்டைக்காரர் 1775இல் எந்தப் பக்கம் போவார்?" என்று கேளுங்கள். வர்ஜீனியா ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் அறிவித்ததை அதன் பிறகு சொல்லுங்கள். பதில்கள் மாறும்.

ஐந்து மதிப்பெண் விடைக்கு மளிகை லிஸ்ட்டைத் தவிர்க்க ஒரு வழி: ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று சொல் எழுதச் சொல்லுங்கள். லண்டன் ஏன் போட்டது, இங்கே என்ன செய்தார்கள், லண்டன் இறங்கிவந்ததா இறுக்கியதா. 1774 வரை சில முறை இறங்கிவந்தது. பாஸ்டன் துறைமுகத்தை ஜூன் 1 முதல் மூடியதில் தொடங்கி அது இறுக்கியே சென்றது. அந்தச் செப்டம்பரில் ஜார்ஜியா தவிர 12 குடியேற்றங்களும் பிலடெல்பியாவில் கூடின.

சோழி பூஜைச் சாமான் கடையில் கிடைக்கும், இல்லையென்றால் ஒரே நிறச் சட்டைப் பொத்தான். கூழாங்கல் வேண்டாம், வெளியிலிருந்து பொறுக்கிவந்து கள்ளப்பணம் ஆக்கிவிடுவார்கள். கடலை மிட்டாயை மூன்றாம் சுற்றுவரை மேசைக்குள் பூட்டி வையுங்கள்.