திஸ் ஹீட் முதல் ஆல்பம் (1979): ‘24 ட்ராக் லூப்’ மாதிரி டேப் லூப் போட்டா ஒட்டுல ‘டக்’னு அடிக்குது

ஸ்பூல்காரன்:
இங்கிலாந்து ராக் குழு திஸ் ஹீட்டோட ‘24 ட்ராக் லூப்’ பாட்டு மாதிரி ஒரு டிரம் லூப்பை (டேப்போட ரெண்டு முனையையும் ஒட்டி வளையமா சுத்த விடுறது) நிஜ டேப்லயே பண்ணிப் பாக்கிறேன். கால் இஞ்ச் ரீல் மெஷின், வேகம் நொடிக்கு 19 செ.மீ. டெம்போ 120, நாலு தட்டு, ஆக 2 நொடிக்கு 38 செ.மீ. டேப். ஒட்டு ஹெட்டை (டேப்பைப் படிக்கிற பாகம்) தாண்டும்போதெல்லாம் ‘டக்’. சிம்பலும் மங்கி மங்கி வருது. கத்தரிக்கோலால நேரா வெட்டி, சாதா செல்லோடேப் போட்டிருக்கேன். அதுதான் காரணமா?

கால்இஞ்ச்:
‘டக்’குக்கு அதுதான். நேரா வெட்டினா ஒரு சத்தம் சட்டுனு நின்னு இன்னொண்ணு சட்டுனு ஆரம்பிக்கும். 45 டிகிரி சாய்வா வெட்டினா ஒட்டு 6 மி.மீ. நீளத்துக்குப் பரவும். உங்க வேகத்துல அது சுமார் 33 மில்லிசெகண்ட். அதுக்குள்ள ஒண்ணு இறங்கி மத்தது ஏறிடும். ஆனா கிக் டிரம் மேலயே வெட்டாதீங்க, அடியோட முனை மழுங்கிடும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெட்டுங்க.

கத்தரிக்கோல் வேண்டாம். காந்தம் ஏறின இரும்பு வெட்டுற இடத்துலயே ஒரு ‘டிக்’கைப் பதிச்சிடும். டீமேக்னடைஸ் பண்ணின (காந்தம் நீக்கின) பிளேடு, ஸ்ப்ளைசிங் பிளாக் (டேப்பைப் பிடிச்சு வெட்டுற பள்ளக் கட்டை), டேப் ஒட்டுறதுக்குன்னே வர ஸ்ப்ளைசிங் டேப் 2 செ.மீ. போதும். ஹெட்ல உரசாத பக்கம் ஒட்டி நகத்தால நல்லா தேய்ங்க. செல்லோடேப் கோந்து ஓரத்துல கசிஞ்சு ஹெட்ல அப்பிக்கும். இப்பவே ஐசோப்ரொபைல் தொட்டு ஹெட்டையும் பிஞ்ச் ரோலரையும் (டேப்பை அழுத்தி ஓட்டுற ரப்பர் உருளை) துடைச்சிடுங்க.

சிம்பல் மங்குறது இழுவிசை விஷயம். லூப்புக்குப் பின்னாடி ஸ்பூல் இழுக்காததால டேப் ஹெட்ல ஒட்டி ஓடாது, முதல்ல போறது மேல் சுருதிதான். 38 செ.மீ. ஹெட் பிளாக்கைச் சுத்தவே பத்தாது. நொடிக்கு 38 செ.மீ. வேகத்துக்கு மாத்தி 76 செ.மீ. லூப்பா போட்டு, வெளியே ஒரு மைக் ஸ்டாண்ட் கம்பியைச் சுத்தி விடுங்க. ஸ்டாண்டைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, சிம்பல் தெளிஞ்ச இடத்துல நிறுத்துங்க. அதுக்கு மேல இழுத்தா கேப்ஸ்டன்ல (டேப்பை ஓட்டுற சுழல் தண்டு) வழுக்கி டெம்போ தள்ளாடும். டென்ஷன் ஆர்ம் (டேப் இழுவையைப் பாக்கிற கை) விழுந்து மெஷின் நின்னா, ரப்பர் பேண்டால தூக்கிக் கட்டுங்க.

மேக்னட்டிக்மணி:
மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா லூப் சுத்தமானாலும் அந்தப் பாட்டு மாதிரி கேக்காது. அங்க லூப் வெறும் கச்சாப்பொருள். குழுவோட டிரம்மர் சார்ல்ஸ் ஹேவர்டோட டிரம்ஸ், ஹார்மனைசர்ங்கிற சுருதி மாத்துற கருவி வழியா போய் சுருதி மாறி மாறி அடுக்கடுக்கா வருது. எந்த அடுக்கு எப்ப ஏறணும், எப்ப அடங்கணும்ங்கிற மிக்ஸிங்தான் அதுல இசையமைப்பே.

ஏன் ஹார்மனைசர்? டேப் வேகத்தைக் குறைச்சு சுருதியை இறக்கினா டெம்போவும் சேர்ந்து குறையும், அடுக்குகள் ஒண்ணோட ஒண்ணு விலகிடும். ஹார்மனைசர் சுருதியை மட்டும் மாத்தும், தாளம் பூட்டினபடியே நிக்கும். வெளிவர சத்தத்தை மறுபடி உள்ளயே விட்டா ஒவ்வொரு சுத்துக்கும் இன்னும் ஒரு படி இறங்கும். அரை சுருதி இறக்க விகிதம் 0.944.

சாஃப்ட்வேர்ல பண்றதா இருந்தா மிகச் சுத்தமான பிட்ச் ஷிஃப்ட்டரை எடுக்காதீங்க. பழைய கருவியோட கரகரப்பும் சில மில்லிசெகண்ட் தாமதமும்தான் அந்த உலோக வாசனையே.

ஸ்பூல்காரன்:
ஒட்டுல ‘டக்’ போயிடுச்சு, நன்றிண்ணே. இன்னொண்ணு: இந்த ஆல்பத்தோட எல்பி ரெண்டாம் பக்கம் முடிஞ்சும் சத்தம் ஓடிட்டே இருக்கு. தட்டு பழுதா?

மேக்னட்டிக்மணி:
பழுது இல்ல, லாக்டு க்ரூவ். கடைசி பள்ளம் சுருளாப் போகாம வட்டமா மூடிக்குது. 33⅓ வேகத்துல ஒரு சுத்து 1.8 நொடி. ஒரு விதத்துல அதுவும் லூப்தான், வெட்டும் ஒட்டும் இல்லாம. சில ஆட்டோ ரிட்டர்ன் டர்ன்டேபிள்ல ஆர்ம் தானா தூக்காது, கையால எடுங்க.

முதல் பக்கத்துலயும் ஜாக்கிரதை. முதல் பாட்டு ‘டெஸ்ட்கார்ட்’ ரொம்ப மெல்லிசா ஆரம்பிக்குதேன்னு வால்யூமை ஏத்தினா, அடுத்து வர ‘ஹாரிஸான்டல் ஹோல்ட்’ ஸ்பீக்கரைக் கிழிச்சிடும். அதோட முதல் அடிக்கு லெவலை வெச்சுட்டு, ஊசியைத் திரும்ப முன்னாடி வைங்க.