கன்ட்ரோல் சாம்பிளில் எப்படி இவ்வளவு?

ஆய்வு மாணவி:
நுரையீரல் புற்றுநோயாளிகளின் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், பிடி-எல்1 அளப்பதுதான் என் வேலை. செல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, தாக்க வரும் டி செல்லை, அதாவது நோய் எதிர்ப்பு வெள்ளணுவை, அடக்கிவிடும் புரதம் அது. அடாம்10, அடாம்17 மாதிரி நொதிகள் கத்தரித்துவிட்டால் ரத்தத்தில் மிதக்க ஆரம்பித்துவிடும்.

ஒருநாள் எலைசா பிளேட்டில் (புரத அளவை நிறமாகக் காட்டும் சோதனைத் தட்டு) வினையை நிறுத்தும் ஸ்டாப் சொல்யூஷன் விட்டதும் நீலமெல்லாம் மஞ்சளானது. மஞ்சள் அடர்ந்தால் புரதம் அதிகம். நோயாளிகள் வரிசையில் வெளிர் மஞ்சள்தான். ஒப்பிட வைத்த ஆரோக்கியமானவர்களின் கன்ட்ரோல் வரிசையில் ஒரே ஒரு குழி மட்டும் மஞ்சள் கிழங்கை அரைத்து ஊற்றியது போல! பைபெட்டில் சொதப்பிவிட்டேன் என்று மறுநாள் திரும்ப ஓட்டினேன். அதே அளவு. ரத்தம் கொடுத்தவள் பக்கத்து ஆய்வகத் தோழி, நோய்நொடி எதுவும் இல்லாதவள். இரண்டு வாரம் கழித்து லட்டு டப்பாவோடு வந்தாள். நான்காவது மாதமாம். குழந்தையை அம்மாவின் டி செல்கள் தாக்காமலிருக்க நஞ்சுக்கொடியும் இதே புரதத்தைச் செய்கிறது. இது புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் படிவத்தில் கேட்கத் தோன்றவில்லை. இப்போது இந்த அளவை ஏற்றிவிடக்கூடிய கர்ப்பம், காய்ச்சல், முடக்குவாதம் மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் ஊசியே எடுக்கிறேன்.

ஒரு நோயாளியின் மகன்:
படித்ததும் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு நுரையீரலில்தான். கட்டியிலிருந்து துளி சதை எடுக்கும் பயாப்ஸி என்றாலே நடுங்குவார். "ரத்தத்திலேயே பார்த்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "திசுவில் 50 சதவீதப் புற்றுசெல்களுக்கு மேல் இந்தப் புரதம் இருந்தால், டி செல்லை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்து மட்டுமே கொடுத்துப் பார்க்கலாம் தம்பி. ரத்தத்தில் எத்தனைக்கு மேல் என்று நான் கோடு போடுவது?" என்றார். அப்புறம் பயாப்ஸி செய்தார்கள், பிடி-எல்1ஐக் காட்டும் 22சி3 ஆன்டிபாடியால் சாயம் போட்டுப் பார்த்தார்கள், 70 சதவீதம் வந்தது. அப்பா இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை ட்ரிப் ஏற்றிக்கொள்கிறார். அது சரி, நடுவில் இந்த ரத்த அளவைப் பார்த்து மருந்து வேலை செய்கிறதா என்றாவது சொல்ல முடியாதா?

ஆய்வு மாணவி:
எனக்கும் அந்த ஆசைதான், அண்ணா. ஆனால் ஒரே சீரத்தை இரண்டு கம்பெனி கிட்டில் போட்டேன், இரண்டு வேறு எண் வந்தது. சில கிட் துண்டான வடிவத்தைப் பிடிக்கும், சில பிடிக்காது. பிடி-எல்1ஐயே குறிவைக்கும் அட்டீசோலிசுமாப் ஏற்றியவர்களிடம் இன்னும் குழப்பம். மருந்தே புரதத்தின் மேல் ஒட்டிக்கொள்வதால் அதைப் பிடிக்க வேண்டிய கிட்டின் ஆன்டிபாடிக்கு இடமில்லாமல் போய்விடலாம். அளவு குறைந்தால் கட்டி சுருங்கியதா, மருந்து மறைக்கிறதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அப்பாவுக்கு ஸ்கேன் தேதி எப்போது?