கடல்நீர் தெறித்த கேமராவைக் குழாயடியில் கழுவலாமா?

கேள்வி: துறைமுகத்து வெளிச்சம் (ராயபுரம்)

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஓஎம்-1 கேமராவும் அதற்குரிய இரண்டாம் பதிப்பு 12-40 லென்ஸும். இரண்டுமே ஐபி 53 தரம் (தூசியையும் நீரையும் தடுக்கும் அளவைக் காட்டும் குறியீடு) பெற்றவை. ஐஸ் கரைந்த நீர், மீன் செதில், உப்புக் காற்று என எல்லாமே அவற்றின் மீது படிகின்றன. ஈரத்துணியால் துடைத்தாலும் டயல்களின் இடுக்குகளில் வெள்ளையாகப் பூத்திருப்பது போவதில்லை. மீன் வாடையும் விடுவதில்லை. சிலர் கேமராவைக் குழாயடியில் பிடித்துக் கழுவும் காணொளிகளைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான் வருகிறது. நானும் அவ்வாறு கழுவலாமா?

பதில்: எண்ணூர் நாரை

கழுவ வேண்டாம் என்பதே என் கருத்து. ஐபி 53 என்பதில் உள்ள 5 தூசியையும் 3 நீரையும் குறிக்கின்றன. அந்த 3, செங்குத்திலிருந்து 60 பாகை வரை சாய்ந்து விழும் தூறலைத் தாங்கும் என்பதற்கு மட்டுமே உறுதி தருகிறது. பீய்ச்சும் நீரைத் தாங்க அந்த இடத்தில் 5 இருக்க வேண்டும், மூழ்குவதைத் தாங்க 7 இருக்க வேண்டும். அச்சோதனையும் நன்னீரில் செய்யப்படுவதுதான்.

அதைவிட முக்கியமானது உங்கள் போர் தண்ணீர். மீஞ்சூர் தொடங்கி நம் பகுதி வரை நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருக்கும் நிலையில், அந்த நீரால் கழுவினால் ஓர் உப்பை நீக்கிவிட்டு இன்னோர் உப்பைப் பூசியதாகவே முடியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் பயன்படுத்திய பிறகு அந்நீரில் இலேசாக நனைத்த துணியால் துடைக்குமாறு நிக்கான் கையேடுகளே கூறுகின்றன. எங்கள் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் பறப்பதால், புளோயரால் ஊதித் தள்ளாமல் துணியை வைத்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

பதில்: மழைக்காலக் கண் (திருவொற்றியூர்)

மேலே உள்ள பதில் அளவுக்கு மீறி அஞ்சுகிறது. வடகிழக்குப் பருவமழையில் மணிக்கணக்கில் நனைந்தும் என் கேமரா நன்றாகவே இருக்கிறது. மூடிகள் அனைத்தையும் இறுக்கிவிட்டு, கேன் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து மெதுவாக மேலிருந்து ஊற்றுவது மழையைவிடக் கடுமையானதன்று. இடுக்கில் காய்ந்த உப்பு, பிழிந்த துணிக்கு அசையாது. அது கரைந்து ஓட நீர் வேண்டும்.

பதில்: திருகுளி (கேமரா பழுது பார்ப்பவர், வண்ணாரப்பேட்டை)

உப்பு கரைய வேண்டும் என்று நண்பர் கூறுவது சரியே. ஊற்றித்தான் கரைக்க வேண்டும் என்பதை ஏற்க இயலாது. புதிய கேமராவில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் செய்யும் வேலையைப் பழகிய கேமராவில் அது செய்யும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது. பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு மணலோ தலைமுடியோ சிக்கியிருந்தால் போதும், நீருக்கு வழி கிடைத்துவிடும். என் மேசைக்கு வருபவற்றில் பச்சை பூத்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் பேட்டரி அறையும், ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவும்தான். உத்தரவாதமும் பொதுவாக நீர்ச் சேதத்தை ஏற்பதில்லை.

நான் செய்வது இதுதான்: லென்ஸைக் கழற்றாமல், எல்லா மூடிகளையும் அடைத்து, முதலில் ஊதுவேன். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்கு பிழிந்த மைக்ரோஃபைபர் துணியை உப்புப் படிந்த இடத்தில் தேய்க்காமல் சற்று நேரம் அழுத்தி வைப்பேன். உப்பு கரைந்து துணியில் ஏறிவிடும். டயல் இடுக்குகளுக்கு, அதே நீரில் தொட்டு உதறிய மென்மையான தூரிகையைப் பயன்படுத்தி, டயலைச் சுழற்றிச் சுழற்றித் துடைக்க வேண்டும். ஈரம் காயும் வரை ஜூம் வளையத்தைத் தொடாதீர்கள். நீளும் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும்போது குழலின் மேல் ஒட்டிய நீரும் கூடவே செல்லும்.

இதை அன்றன்றைக்கே செய்துவிட வேண்டும். ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானாகவே கரையும். நம் ஊர் இரவுகளில் அது வழக்கமாக நடப்பதால், பையில் வைத்த கேமராவின் இடுக்குகளுக்குள் உப்பு மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும்.

துறைமுகத்து வெளிச்சம்

மிக்க நன்றி ஐயா. குழாயடியை விட்டுவிடுகிறேன். உலர்த்துவதற்கு ஹேர் டிரையர் அல்லது அரிசி உதவுமா? வாடைக்கு என்ன செய்வது?

திருகுளி

இரண்டுமே வேண்டாம். சூடான காற்று ரப்பரையும் பசையையும் கெடுக்கும். அரிசி மாவுத்தூளைத்தான் விட்டுச்செல்லும். மின்விசிறிக் காற்றில் வைத்து, வெளிப்புறம் முழுதும் காய்ந்த பிறகே மூடிகளைத் திறந்து பேட்டரியை எடுங்கள். பிறகு லென்ஸைக் கழற்றி, லென்ஸ் பொருந்தும் இடத்தின் (மவுண்ட்) ரப்பரைத் துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். அந்த ஜெல் நிறம் மாறினால் மாற்றிவிட வேண்டும். இல்லையேல் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

வாடை கேமராவிலிருந்து வருகிறதா என்று ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது கேமராவைத் தோளில் மாட்டும் பட்டையில்தான் இருக்கும். துணிப் பட்டையாக இருந்தால் அதைக் கழற்றி, சோப்பு கலந்த குளிர்ந்த நீரில் ஊறவைத்து, தாராளமாகக் குழாயடியில் கழுவலாம். வெந்நீர் வேண்டாம், மீனின் வழுவழுப்பு சூட்டில் இறுகி ஒட்டிக்கொள்ளும்.