பாதை சரி, படங்கள் மட்டும் 60 மீட்டர் பின்னால்: ஜிபிஎக்ஸ் தடத்தோடு பொருத்துவதில் சிக்கல்

சுவடி:
கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. படங்களில் எடுத்த இடத்தைச் சேர்க்க, ஆண்ட்ராய்டு போனில் தடம் பதியும் ஆப்பை ஓடவிட்டு, கிடைத்த ஜிபிஎக்ஸ் ஃபைலை (பாதையின் புள்ளிகளும் நேரமும் கொண்டது) எக்ஸிஃப்டூலில் கொடுத்தேன்; படம் எடுத்த நேரத்தைத் தடத்தின் நேரத்தோடு ஒப்பிட்டு இடத்தை எழுதும் நிரல் அது. காலையில் நடந்தபடி எடுத்தவை பாதையில்தான் விழுகின்றன, ஆனால் எல்லாமே வந்த வழியில் 60 மீட்டர் பின்தள்ளி. மதியத்துக்கு மேல் எடுத்தவற்றில் இடமே ஏறவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணமா? படங்கள் ரா ஃபைல்கள் (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவு).

திசைமானி:
இல்லை, இரண்டும் வேறு. முதலாவது கேமரா கடிகாரம். மணிக்கு 5 கி.மீ. நடை என்றால் விநாடிக்கு 1.4 மீட்டர்; 60 மீட்டருக்கு சுமார் 43 விநாடி. பின்னால் விழுவதால் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. உத்தேசக் கணக்கை நம்ப வேண்டாம். ஆப்பில் விநாடியோடு தெரியும் ஜிபிஎஸ் நேரத்தை அதே கேமராவால் ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் எக்ஸிஃபில் (படத்துக்குள் கேமரா எழுதும் தகவல்) பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஜியோசிங்க் ஆப்ஷனில் கொடுங்கள். கேமரா பின்தங்கியிருந்தால் கூட்டல் குறி. கடிகாரம் மெல்ல மெல்ல விலகும் என்பதால், பயணத்துக்குப் பயணம் இந்தப் படம் புதிதாக வேண்டும்.

மின்கலம்:
மதியத்துக்கு மேல் நடந்தது பேட்டரி சிக்கனம். திரை அணைந்து நேரமானால் பின்னணி ஆப்பை ஆண்ட்ராய்டு நிறுத்திவிடும். ஆப் தகவல் பக்கத்தில் பேட்டரி பயன்பாட்டை 'கட்டுப்பாடில்லை' என்று மாற்றுங்கள், இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வையுங்கள். ஜிபிஎக்ஸை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து கடைசிப் புள்ளியின் நேரத்தைப் பார்த்தாலே எப்போது நின்றது என்று தெரிந்துவிடும். அந்த நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்), உள்ளூர் நேரமல்ல. நடைக்கு 10 விநாடிக்கு ஒரு புள்ளி போதும். ஒவ்வொரு விநாடியும் பதிவது பேட்டரிக்குத்தான் கேடு.

சுவடி:
ஆம், கடைசிப் புள்ளி நண்பகலோடு நிற்கிறது. வெளிநாட்டில் எடுத்ததை வீட்டுக் கணினியில் பொருத்தினால்?

திசைமானி:
அங்கேதான் பலரும் சறுக்குவது. படத்தில் நேர மண்டலம் பதிவாகாவிட்டால் கணினியின் மண்டலத்தையே எக்ஸிஃப்டூல் எடுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் விலகிப் போகும். ஜியோடைம் ஆப்ஷனில் எடுத்த இடத்தின் மண்டலத்தைச் சேர்த்துக் கொடுங்கள். கோடைகால நேர மாற்றம் உள்ள நாடானால் அந்த ஒரு மணி நேரத்தையும் பாருங்கள்.

இன்னொன்று: இரு புள்ளிகளுக்கிடையே 1800 விநாடி வரை இடைவெளி இருந்தாலும் எக்ஸிஃப்டூல் நேர்கோடு போட்டு இடத்தை ஊகிக்கும். கட்டடத்துக்குள் சிக்னல் அறுந்தால் படம் சுவருக்கு நடுவே நிற்கும். ஜியோமேக்ஸ்இன்ட்செக்ஸ், ஜியோமேக்ஸ்எக்ஸ்ட்செக்ஸ் இரண்டின் மதிப்பையும் 120 ஆகக் குறைத்தால், எந்தப் புள்ளிக்கும் 120 விநாடிக்குள் வராத படத்தை, தவறான இடத்துக்குப் பதில் வெறுமையாக விடும். அதுவே மேல்.

மின்கலம்:
ரா ஃபைலைத் தொடாமல், படத்தகவலைத் தனியாக வைக்கும் எக்ஸ்எம்பி துணைக் கோப்பில் எழுதும்படி எக்ஸிஃப்டூலுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பதில் லைட்ரூம் கிளாசிக் என்ற படத் திருத்த மென்பொருளானால் முதலில் எடுத்த நேரத்தைத் திருத்திவிட்டு, மேப் பகுதியில் தடத்தை ஏற்றுங்கள். அங்குள்ள ஆஃப்செட் நேர மண்டலத்துக்கானது, விநாடி வித்தியாசத்துக்கு உதவாது.