"கிளியர்டு"ன்னு (அனுமதி உண்டுன்னு) காதுல விழாம பிராவோவுக்குள்ள, அதாவது பெரிய விமான நிலையத்தைச் சுத்தின வான்வெளிக்குள்ள, போன கதை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

சனிக்கிழமை விமானி, டாலஸ்:

வார நாள்ல கம்ப்யூட்டர் கோடு எழுதுற ஆளு, சனிக்கிழமை செஸ்னா 172 வாடகைக்கு எடுத்துப் பறப்பேன். லைசென்ஸ் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு. மானம் போன கதைதான், ஆனா யாராவது சொன்னாத்தானே அடுத்தவனுக்குத் தெரியும்.

ஓக்லஹோமா போய்ச் சாப்பிட்டுட்டு தெற்கே திரும்பி வர்றேன். ஃப்ளைட் ஃபாலோயிங் வாங்கியிருந்தேன். கன்ட்ரோலர் நாலு இலக்க ஸ்குவாக் கோடு (நம்ம விமானம் எதுன்னு ராடார்ல காட்டுற எண்) கொடுத்து, "ராடார் கான்டாக்ட்"னு சொல்லி, பக்கத்துல யார் வந்தாலும் எச்சரிச்சுக்கிட்டே இருந்தார். உயரம் 4,500 அடி. தெற்கு, மேற்குப் பக்கம் போறவங்களுக்கு இரட்டைப்படை ஆயிரத்தோட 500, புத்தகப்படி சரிதான். டாலஸ் பிராவோ தலைகீழா வச்ச கல்யாண கேக் மாதிரி, நடுவுல தரைவரைக்கும் இருக்கும், வெளியே போகப் போகத் தட்டுத் தட்டா உயரும், உச்சி 11,000 அடி. எனக்கு முன்னாடி இருந்த தட்டோட அடிப்பக்கம் 4,000 அடி. நான் 4,500ல நேரா போய் அதுக்குள்ள நுழைஞ்சுட்டேன்.

ஐபேட் மேப்ல பிராவோ எல்லையோட நீலக்கோடு தெரிஞ்சது. பார்த்தேன். பார்த்தும், "அதான் அப்ரோச் கன்ட்ரோலர்கூடப் பேசிட்டிருக்கோமே, போகக்கூடாதுன்னா சொல்ல மாட்டாரா"ன்னு இருந்துட்டேன். அவருக்கு அந்த நேரம் மூச்சுவிட நேரமில்ல, ஏர்லைன் வரிசையா இறங்குது. ரெண்டு நிமிஷம் கழிச்சு, குரல் கொஞ்சம்கூட உயராம, "பாசிபிள் பைலட் டீவியேஷன், ஒரு ஃபோன் நம்பர் குறிச்சுக்கிறீங்களா"ன்னு கேட்டார். விதியை மீறியிருக்கலாம், இறங்கினதும் கூப்பிடுன்னு அர்த்தம். வயித்துல புளி கரைச்சதுன்னா அதுதான். பேனாவே கையில நிக்கல.

கன்ட்ரோலர் உங்க வால் எண்ணை (விமானத்தோட பதிவு எண்) சொல்லிக் கூப்பிட்டாலே, சார்லி, டெல்டான்னு சின்ன நிலையங்களைச் சுத்தி இருக்கிற வான்வெளிக்குக் கதவு திறந்த மாதிரி. பிராவோவுக்கு அது போதாது, "கிளியர்டு"ங்கிற சொல் காதுல விழணும். ஃப்ளைட் ஃபாலோயிங் இருக்குங்கிறது அனுமதி ஆகாது. பரீட்சையில இதை எழுதி மார்க் வாங்கினவன் நான்.

மதுரை 172:

தம்பி, பேனா நிக்காததைச் சொன்னதுக்கே ஒரு சலாம். டெல்டா கதவுலயும் ஒரு பொடி விஷயம் இருக்கு. நான் படிக்கிற காலத்துல டவரைக் கூப்பிட்டேன். "ஏர்கிராஃப்ட் காலிங், ஸ்டாண்ட்பை"ன்னு பதில். சரி, பதில்தான் வந்துருச்சேன்னு மூக்கை உள்ளே திருப்பினேன். பக்கத்துல இருந்த வாத்தியார் கன்ட்ரோலைப் பிடுங்கி வெளியே வட்டமடிக்க வச்சார். "உன் பேரைச் சொன்னாரா?" சொல்லல. வால் எண்ணைச் சொல்லி "ஸ்டாண்ட்பை"ன்னா தொடர்பு ஏற்பட்டாச்சு, உள்ளே போகலாம். வெறும் "ஏர்கிராஃப்ட் காலிங்"னா அவருக்கு நாம யாருன்னே தெரியாது. கல்யாண வீட்டு வாசல்ல "வாங்க வாங்க"ன்னு பொதுவாச் சொல்றதுக்கும், "மாமா வாங்க"ன்னு சொல்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொண்ணு, நம்மாளுங்க ரேடியோவுல பேசுற வேகம்! எனக்கு முதல் ஆறு மாசமும் "சே அகெய்ன், ஸ்லோலி" கேட்காத நாளே கிடையாது.

கொங்கு அக்கா, ஃப்ளோரிடா:

என் கதையில நான் பேசவே முடியல.

தனியா போன மூணாவது நாள். டெல்டா நிலையத்துக்குத் திரும்பும்போது ஆல்டர்னேட்டர் போய், பேட்டரியும் இறங்கிருச்சு. ரேடியோ செத்துப்போச்சு. மனப்பாடம் பண்ணினது ஞாபகம் வந்துச்சு: ரேடியோ போனா 7600ங்கிற ஸ்குவாக் கோடு. கையைக் கொண்டுபோனா, அந்தக் கோடு அடிக்கிற டிரான்ஸ்பாண்டர் திரையும் இருட்டு! கரண்டே இல்லாம எந்த நம்பரை அடிக்கிறது? இன்ஜினுக்குத் தனியா பொறி தர்ற மேக்னெட்டோ இருக்கறதால அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு.

வானம் தெளிவா இருந்ததுதான் புண்ணியம். பார்வைக்குத் தேவையான வானிலை இருந்து, டவரும் கண்ணுல பட்டு, விளக்குல அனுமதியும் கிடைச்சா ரேடியோ இல்லாமலே இறங்கலாம்னு விதி இருக்கு. மத்த விமானமெல்லாம் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்த்து அதே வரிசையில சேர்ந்தேன். கோபுரத்தையே பார்த்துட்டு இருந்தேன். முதல்ல நிலையான சிவப்பு. வழிவிட்டு, சுத்திட்டே இருன்னு அர்த்தம். இன்னொரு சுத்து. அப்புறம் பச்சை, மின்னாம நின்னு எரிஞ்ச பச்சை. இறங்கலாம். இறக்கையை ரெண்டு பக்கமும் ஆட்டி "பார்த்துட்டேன்"னு சொன்னேன். 172ல ஃப்ளாப்பும் (மெதுவா இறங்க இறக்கையில இறக்குற தட்டு) கரண்ட்லதான் இறங்கும்ங்கறது அப்பத்தான் உறைச்சுது. ஃப்ளாப் இல்லாம வேகமா வந்து, ஓடுபாதையில பாதி தாண்டித்தான் சக்கரம் பட்டுச்சு.

அந்த விளக்குப் படம் உள்ள அட்டையை, தொடையில கட்டிக்கிற நீ-போர்டுல ஒட்டி வச்சதுக்கு எங்க பேட்ச்ல என்னைக் கிண்டல் பண்ணினாங்க. இன்னமும் அதை எடுக்கல.

பழைய பைலட், லாஸ் ஏஞ்சலஸ்:

டாலஸ் தம்பிக்கு. உங்களுக்குக் கிடைச்சது ஒரு ஃபோன் நம்பர்தான். 1986 ஆகஸ்ட் 31ல இங்கே செரிட்டோஸ் மேல பைப்பர் சிறு விமானம் ஒண்ணு அனுமதி இல்லாம உள்ளே வந்துட்டுது. அப்போ அந்த வான்வெளிக்குப் பிராவோன்னு பேர் இல்ல, டிசிஏ. பைப்பரோட டிரான்ஸ்பாண்டர் உயரத்தைச் சொல்ற வகை இல்ல. இறங்கிட்டிருந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9ல மோதிருச்சு. ரெண்டு விமானத்துலயும் 67 பேர், கீழே வீடுகள்ல 15 பேர் போயிட்டாங்க. பிராவோ விமான நிலையத்தைச் சுத்தி 30 கடல் மைலுக்கு உயரம் சொல்ற டிரான்ஸ்பாண்டர் இல்லாம நுழையாதேன்னு இப்போ இருக்கே, அது எதுக்குன்னு இங்கே யாரும் கேட்கறதில்ல. 2020 ஜனவரியில இருந்து, விமானம் தான் எங்கேன்னு தானே அறிவிக்கிற ஏடிஎஸ்-பியும் சேர்ந்துருச்சு.

அதே ஊர்ல வேடிக்கையும் உண்டு. எல்ஏஎக்ஸ் (லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம்) தலைக்கு மேலேயே, பிராவோவைக் குறுக்கே வெட்டி ஒரு சந்து விட்டிருக்காங்க. யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம். தென்கிழக்கே போனா 3,500 அடி, வடமேற்கே வந்தா 4,500. ஸ்குவாக் 1201, வேகம் 140 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) தாண்டக்கூடாது, விளக்கு எரியணும், 128.55 ரேடியோ அலைவரிசையில நாமே அறிவிச்சுக்கணும். கீழே ஜம்போ இறங்குறதைப் பார்த்துக்கிட்டே போகலாம். இத்தனை வருஷம் ஆச்சு, இப்பவும் அதைத் தாண்டும்போது நான் மூச்சை அடக்கிக்குவேன்.

புது மாணவன்:

பிராவோ தட்டுக்குக் கீழே 200 நாட் தாண்டக்கூடாதுன்னு படிச்சேன். 172க்கு இது எப்படி, சார்?

மதுரை 172:

172ஐ 200 நாட் போக வைக்கிற வித்தை தெரிஞ்சா எனக்கும் சொல்லு கண்ணு.

கேடட், இந்தியா:

பொறாமையா இருக்கு. நீங்க 1200ங்கிற பொதுக் கோடு அடிச்சுட்டு காபி குடிக்க இன்னொரு ஊருக்குப் போறீங்க. இங்கே ஊர் விட்டு ஊர் போறதுக்கு ஃப்ளைட் பிளான் போட்டு, எஃப்ஐசி (விமானத் தகவல் மையம்) நம்பரும் ஏடிசி நம்பரும் கைக்கு வந்தாத்தான் சக்கரம் நகரும். இந்த ஏடிசி டவர் இல்ல, வான்பாதுகாப்பு அனுமதி. விஷுவல்ல (கண்ணால பார்த்து) பறக்கிறவங்க சூரியன் மறைஞ்சு 20 நிமிஷத்துக்குள்ள தரையில இருக்கணும். டாலஸ் அண்ணா, ஃபோன் பண்ணினப்ப என்ன சொன்னாங்க? லைசென்ஸ் இருக்கா?

சனிக்கிழமை விமானி, டாலஸ்:

இருக்கு தம்பி. கூப்பிட்டேன், அந்தப் பக்கம் மரியாதையாத்தான் பேசினார். நடந்ததை மறைக்காம சொன்னேன். அன்னைக்கு ராத்திரியே நாசா நடத்துற ஏஎஸ்ஆர்எஸ் (தப்பை நாமே எழுதி அனுப்புற ஏற்பாடு) படிவத்தையும் நிரப்பிட்டேன். 1976ல இருந்து இருக்கு. வேணும்னே பண்ணாத தப்பா இருந்து, 10 நாளுக்குள்ள அனுப்பிட்டா, எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை அமைப்பு) தப்புன்னு பதிஞ்சாலும் தண்டனை நம்மைத் தொடாது. அதுக்காக எல்லாத்தையும் கழுவிடும்னு நினைக்காதீங்க, விபத்தும் குற்றமும் அதுல சேராது. அப்புறம் எஃப்ஏஏ இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். 2015க்கு அப்புறம் இந்த மாதிரித் தவறுக்கு முதல்ல பயிற்சிதான் பார்க்கறாங்க. ஒரு வாத்தியார்கூட தரையில ஒரு வகுப்பு, மேலே ஒரு தடவை, அவரோட கையெழுத்து. முடிஞ்சது.

போன சனிக்கிழமை மறுபடி அதே வழியா வந்தேன். கோட்டுக்கு அஞ்சு மைல் முன்னாடியே, "பிராவோவுக்குள்ள வரலாமா"ன்னு நானே கேட்டேன். வால் எண்ணைச் சொல்லி, "கிளியர்டு இன்டு பிராவோ, 4,500லயே இருங்க"ன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட சந்தோஷத்துல திருப்பிச் சொல்ல மறந்துட்டேன். பத்து விநாடி கழிச்சு அவரே கேட்டார்: "கேட்டுச்சா, இல்லையா?"