புதுப்பிப்பு: லெஸ்போஸ் போய் வந்த பிறகு

லெஸ்போஸ் தீவில் இருக்கும் அகதிகளுக்கு உதவத் தன்னார்வலராகப் போகலாமா, அந்த விமானச் செலவை நன்கொடையாக அனுப்புவது மேலா என்று கிளம்பும் முன் கேட்டிருந்தேன். "சாமியே இல்லைங்கிற உங்களுக்குச் சேவை எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டார். இரண்டுக்கும் இப்போது பதில் சொல்கிறேன்.

துருக்கியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான் அந்தக் கிரேக்கத் தீவின் வடகரை. 2015இல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் அகதிகள் படகுகளில் வந்து இறங்கினார்கள். சுமார் 3,000 பேருக்கான மோரியா அகதி முகாமில் 2020 தொடக்கத்தில் 20,000 பேர்வரை அடைந்து கிடந்தார்கள். அந்த செப்டம்பரில் முகாமே எரிந்துபோனது.

எனக்குத் துணிக் கிடங்கில் வேலை. நன்கொடையாக வரும் ஷூக்களில் பெரும்பாலும் 44, 45 அளவு. ஆப்கான் இளைஞர்கள் கேட்பதோ 41. ஜோடி சேர்த்து, லேஸ் முடிந்து, அளவை எழுதி ஒட்டுவதிலேயே பொழுது போய்விடும். பெரியவர் ஒருவர் ஷூவை வாங்கியதும் போட்டுக்கொள்ளவில்லை. கால் விரல் இடுக்கெல்லாம் நிதானமாகத் துடைத்து உலர்த்திய பிறகுதான் போட்டார். வரிசையில் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மறுமையில் கணக்குத் தீர்க்க யாரும் இல்லை என்று நம்புகிறவன் நான். அப்படியென்றால் அவர் காலுக்கு ஷூவை நாம்தான், இப்போதே, தேடித் தர வேண்டும். சேவை எதற்கு என்றவருக்கு என் பதில் இதுதான்.

போவதைப் பற்றி: ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டால் மட்டும் போங்கள். குழந்தைகளோடு விளையாட மட்டும் சில வாரம் போவதை நான் ஆதரிக்கவில்லை. பழகிவிட்டுப் பிரிவது அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பு. பொருள் அனுப்புகிறவர்கள் என்ன அளவு தேவை என்று முதலில் கேட்டுவிடுங்கள்.